ஒரு சிறுநீரகத்தை நலம் விசாரித்தவர்கள்

அப்பாவுக்குச் சிறுநீரகம் மாற்றிய மதுரை மருத்துவமனையிலிருந்து எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று, மருத்துவர் என்னைத் தனியே அழைத்து ஒரு பதவி கொடுத்தார். வாசற்காவல். "யாராவது ஒருத்தர் கறாரா 'உள்ள வராதீங்க'ன்னு சொல்லணும். உங்க அப்பா சொல்ல மாட்டார். அம்மாவுக்குத் தையலே இன்னும் ஆறல. நீங்க இலக்கியம் படிக்கிறவங்க, பேசத் தெரிஞ்சிருக்கும்" என்றார். இலக்கியம் படிப்பவர்களுக்குப் பேசத் தெரியும் என்னும் நம்பிக்கை மருத்துவக் கல்லூரிகளில் எப்படிப் பரவிற்று என்று எனக்குத் தெரியாது. முதுகலை வகுப்பில் என் தோழியருள் பாதிப் பேர் என் குரலை வருகைப் பதிவின்போது மட்டுமே கேட்டிருப்பார்கள். ஆனால் ஒரு பதவியை மறுப்பதற்கும் பேச்சு வேண்டும். அது கைவசம் இல்லாததால் ஏற்றுக்கொண்டேன்.

சிறுநீரகம் அம்மாவுடையது. இருவருக்கும் திருமணமாகி வெகுகாலம் ஆகிறது என்பது அப்பாவின் உடம்புக்குத் தெரியாது. அதன் பார்வையில் அம்மாவின் சிறுநீரகம் அனுமதியின்றி நுழைந்த அந்நியன். அந்நியனைக் கண்டால் அடித்து விரட்டுவது உடம்பின் காவலாளிக்கு இயல்பு. ஆகவே காலையிலும் இரவிலும் மாத்திரை கொடுத்து அந்தக் காவலாளியைத் தூங்க வைத்திருந்தார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. தூங்குகிற காவலாளி அம்மாவின் சிறுநீரகத்தை மட்டும் விட்டுவைப்பதில்லை; வருகிற எல்லாரையும் விட்டுவைக்கிறான். நம்மை மூன்று நாள் மூக்கைச் சிந்த வைத்துவிட்டுப் போகும் வைரஸ், அப்பாவை மூன்று வாரம் மருத்துவமனையில் கிடத்தும். சிறுவயதில் வந்து உடம்புக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் வைரஸ்கள் வேறு, ஆளில்லாத வீடென்று தெரிந்து எழுந்துகொள்ளும். உள்ளே இருப்பவற்றுக்கு முதல் சில மாதங்கள் ஒரு தடுப்பு மாத்திரையும் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வருபவற்றுக்கு என்னை எழுதிக் கொடுத்தார்கள்.

அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. எங்கள் வீட்டு இரும்புக் கேட் பகலில் சாத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை. குரங்கணித் தோட்டங்களிலிருந்து ஜீப்பில் இறங்குகிறவர்கள், ஏல மையத்துக்குப் போகிறவர்கள், அங்கிருந்து வருகிறவர்கள், எங்குமே போகாதவர்கள் எல்லாரும் ஒரு வாய் காப்பிக்கு உள்ளே வந்து போகிற வீடு. அந்த வீட்டின் கேட்டில்தான் நான் ஓர் அறிவிப்பை ஒட்டினேன். மூன்று முறை திருத்தி எழுதினேன். கண்டிப்பும் பணிவும் சம அளவில் இருக்க வேண்டும், ஒற்றுப்பிழை இருக்கக் கூடாது. "உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர் ஓய்வில் இருக்கிறார். தொற்றுத் தவிர்க்கப்பட வேண்டியிருப்பதால், அன்புடையோர் தொலைபேசியில் நலம் விசாரிக்க வேண்டுகிறோம்." அன்புடையோர் அதைக் கேட்டருகே நின்று உரக்கப் படித்தார்கள். படித்து முடித்ததும் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கியே ஆத்தா. உன் எழுத்தா? அப்பா உள்ளதான இருக்கான்?" என்றார் தெருக்கோடி வீட்டுப் பெரியவர். என் உரைநடைக்கு இதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அது.

எங்கள் பக்கத்தில் ஒருவர் நோயில் படுத்திருக்கும்போது போய்ப் பார்க்காமல் இருப்பது வெறும் மறதி ஆகாது. பகை என்றே கொள்ளப்படும். 'அவன் ஆசுபத்திரியில கெடந்தப்பக்கூட எட்டிப் பாக்கல' என்பது இரண்டு தலைமுறைக்கு ஓடக்கூடிய வழக்கு. தொலைபேசியில் விசாரித்தது கணக்கில் சேராது. ஆள் முகத்தை ஆள் பார்க்க வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அமர வேண்டும். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் பகையின்மையை நிரூபிக்க வந்தவர்கள். அவர்களைத் தடுப்பவள் பகையை உண்டாக்குகிறவள். இந்த எளிய தர்க்கத்தை மருத்துவமனையில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

முகக்கவசத்தை யாரும் மறுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லாரும் அணிந்துதான் வந்தார்கள். தெருவில், பஸ்ஸில், எங்கள் கேட் வரையில் அணிந்திருந்தார்கள். வீட்டுப் படியேறும்போது செருப்பைக் கழற்றி, தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கி, முகக்கவசத்தையும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். பெரிய மனிதர் வீட்டுக்குள் மூடிக்கொண்டு நுழைவது மரியாதை ஆகாது. கிருமிகள் அற்ற எங்கள் தெருவின் காற்றை வடிகட்டிச் சுவாசித்துவிட்டு, காவலாளி தூங்கும் மனிதரின் முன்னால் வந்து மரியாதையாக இருமினார்கள். நான் புதிய முகக்கவசப் பெட்டியை நீட்டினால், "இருக்குத்தா, வச்சிருக்கேன்" என்று பையைத் தட்டிக் காட்டினார்கள்.

கைகழுவும் திரவத்தின் கதையும் அப்படித்தான். குழாயடிக்குப் போகச் சொன்னால் கௌரவக் குறைவாயிருக்கும் என்று அந்தப் பாட்டிலை வாசலில் வைத்திருந்தேன். வலக்கையைக் குழித்து, இடக்கையை அதன் கீழே தாங்கி வாங்கினார்கள். அந்தத் தோரணையைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். ஒருவர் மிச்சத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் பெருக அப்பாவின் முன்னால் போய் நின்றார். "இம்புட்டுப் பாசமா வச்சிருக்க நீயி" என்றார் அப்பா. அந்த மனிதர் கண்ணைக் கசக்கியபடியே தலையசைத்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணைக் கழுவச் சொன்னேன்.

இவ்வளவு பேருக்கும் காப்பி போட்டது அம்மா. சிறுநீரகத்தைக் கொடுத்தவள், அதைப் பெற்றவரைக் காண வந்தவர்களுக்குத் தன் தையலைப் பிடித்துக்கொண்டு சர்க்கரை கலக்கினாள். அம்மா அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஓரிடத்திலிருந்து ஒன்றை எடுத்து இன்னோரிடத்தில் சேர்த்தால் எடுத்த இடத்தில் என்ன இருக்கும் என்று வந்தவர்களில் எவரும் அவளிடம் கேட்கவில்லை.

அப்பாவின் வியாபாரக் கூட்டாளி ஒருவர் உண்டு. நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். ஏல மையத்தில் கணினியில் விலை கேட்கும் காலம் வந்த பிறகும், காயைக் கையால் தொடாமல் விலை சொல்லக் கூடாது என்னும் கொள்கை உடையவர். அவர் வந்தபோது பையிலிருந்து ஒரு பிடி புதுக்காயை எடுத்தார். நகத்தால் கீறினார், முகர்ந்தார், பாதி விதையைத் தன் வாயில் போட்டு மென்றார். மிச்சப் பாதியை அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டினார். அவர்களுக்குள் அதுதான் பல வருட வழக்கம். ஒரே காயை இருவரும் கடித்து ஒரே விலையைச் சொன்னால்தான் சரக்கை எடுப்பார்கள்.

"மாமா, அவருக்குக் கொடுக்கக் கூடாது" என்றேன்.

"விஷமா குடுக்குறேன்? காயிதானத்தா."

"காயில்ல மாமா, உங்க கை."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தக் கையப் பாத்துத்தான் மாப்ள எங்கூடச் சேந்தான்" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாதியையும் தானே மென்றார். அப்பா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. கூட்டாளியின் முகம் வாடிப்போனதற்காக அல்ல. காயின் தரம் தெரியாமல் போனதற்காக.

இப்படியே சில மாதங்கள் ஓடின. ஆச்சரியமாக ஒன்றும் நிகழவில்லை. இரத்தப் பரிசோதனைகள் நன்றாக வந்தன. அம்மா பள்ளிக்குத் திரும்பினாள், நான் மதுரையில் கல்லூரிக்குத் திரும்பினேன். உள்ளே அடங்கிய வைரஸ்களுக்கான அந்தத் தடுப்பு மாத்திரையைக் காலக்கெடு முடிந்தது என்று மருத்துவர் நிறுத்தினார். நிறுத்தும்போது, மற்றக் கட்டுப்பாடுகள் அப்படியே தொடர வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். அப்பா முதல் வாக்கியத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மழைக்காலம் முடிந்தால் குடையை எடுத்து வைக்கிறோம். மாத்திரை முடிந்தால் வைரஸ் முடிந்தது. "இல்லாட்டி எதுக்கு நிப்பாட்டப் போறாக?" என்று அவர் கேட்டார். வியாபாரிகளுக்குத் தர்க்கம் உண்டு. அது எப்போதும் தமக்குச் சாதகமாகவே முடியும்.

அம்மா பள்ளியிலும் நான் மதுரையிலும் இருந்த ஒரு பகலில் ராசிங்காபுரத்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. கேட்டைத் திறந்துவிட்டவர் அப்பாதான். அத்தையோடு அவளுடைய மகள்வயிற்றுப் பேத்தியும் வந்திருந்தாள். அம்மா மாலையில் வீடு திரும்பியபோது அந்தச் சிறுமி அப்பாவின் மடியில் உட்கார்ந்து, தான் கடித்த முறுக்கை அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாளாம்.

அத்தை தாமதமாக வந்ததற்குக் காரணமும் சொன்னாள். பேரனுக்கு அம்மை கண்டிருந்தது. வாசலில் வேப்பிலை கட்டி, தாளிப்பு நிறுத்தி, வீட்டார் யாரும் வெளியே கால் வைக்காமல் இருந்து, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி, கோயிலில் பொங்கல் வைத்து, எல்லாவற்றையும் முறைப்படி முடித்த பிறகே கிளம்பியிருந்தாள். எங்கள் பகுதியில் அம்மை கண்ட வீட்டுக்கு எவரும் போக மாட்டார்கள். அந்த வீட்டாரும் மூன்றாம் தண்ணீருக்கு முன்னால் எங்கும் போக மாட்டார்கள். இந்த விதிக்கு எந்த மருத்துவரின் கையெழுத்தும் தேவைப்பட்டதில்லை. அத்தை அதில் ஒரு புள்ளிகூடத் தவறவில்லை. தவறாமல் முடித்துக்கொண்டு, உடம்பில் ஒன்றும் இல்லாத பேத்தியைத் தேர்ந்தெடுத்து அழைத்து வந்திருந்தாள். கோயில் திருநீற்றை அந்தப் பிள்ளையின் கையாலேயே தம்பியின் நெற்றியில் பூச வைத்தாள்.

மூன்றாம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். "பேத்திகிட்டயும் ஆத்தா வந்துட்டா. நேத்துலருந்து முத்துப் போட்டிருக்கு. நீங்க யாரும் இந்தப் பக்கம் வந்துறாதீங்க, தம்பி ஒடம்புக்கு ஆகாது" என்றாள். எங்கள் நலத்தில் அவளுக்கிருந்த அக்கறையில் குறை காண முடியாது. அம்மை கண்ட பிள்ளையை நாங்கள் போய்ப் பார்த்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனது வேறு விஷயம்.

மருத்துவமனைக்குப் பேசினேன். சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கிவிடும் என்றார் மருத்துவர். முறுக்கு ஊட்டிய நாள் அதற்குள் சரியாக அடங்கியது. பிறகு அவர் கேட்டது ஒரே கேள்வி. "அப்பாவுக்குச் சின்ன வயசுல அம்மை வந்திருக்கா?" அறுவைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு இருக்கிறது என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத ஒரு விடை வந்திருந்தது. தடுப்பூசி போட்டுக் காத்திருக்க அன்று அவகாசம் இல்லை. இப்போது போடவும் முடியாது. அது உயிருள்ள கிருமியை நலியச் செய்து தயாரிக்கும் ஊசி. காவலாளி தூங்கும் வீட்டில் நலிந்த திருடனும் திருடன்தான்.

வந்தால் என்ன ஆகும் என்றும் அவர் மறைக்கவில்லை. அப்பாவுக்கு அது தோலோடு நிற்காது, நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகக்கூடும். அதை எதிர்க்க உடம்பின் காவலாளியை எழுப்ப வேண்டியிருக்கும். எழுந்ததும் அவன் முதலில் பார்ப்பது அம்மாவின் சிறுநீரகத்தை. உயிரைக் காப்பாற்றப் போய் அது போய்விடலாம். அம்மாவிடம் இன்னொன்றுதான் இருக்கிறது. அது அவளுக்கு வேண்டும்.

"எனக்கு ஞாபகமில்ல" என்றார் அப்பா. ஏலக்காயின் பல வருட விலை நிலவரத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர். அவருடைய பிள்ளைப் பருவத்துக்கு விவரம் தெரிந்த ஒரே சாட்சி அத்தைதான். அம்மா தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அவளிடம் கேட்டாள்.

"அவனுக்கா?" அத்தையின் குரலில் பெருமை ஏறியது. "அவன ஆத்தா தொட்டதே இல்ல. எனக்கு வந்துச்சு, சின்னவளுக்கு வந்துச்சு. இவன் ஒத்த ஆம்பளப் பிள்ளன்னு எங்கய்யா வெரசாத் தூக்கிட்டுப் போயி, குரங்கணிக்கு மேல சித்தப்பா தோட்டத்துல விட்டுட்டாரு. எங்களுக்கு மூணாந்தண்ணி ஊத்துனப்பறந்தான் கீழ எறக்குனாக. நாங்க கஞ்சியும் வேப்பெலையுமாக் கெடந்தோம். தொரை அங்க ஏலச்செடிக்குள்ள ஓடிப் பிடிச்சு வெளையாண்டாரு."

அம்மா தொலைபேசியை வைத்தாள். பெண்பிள்ளைகள் இருவரும் கீழே கிடந்து அம்மையை வாங்கிக்கொண்டு ஆயுளுக்கும் எதிர்ப்புச் சக்தி பெற்றார்கள். ஆண்பிள்ளையை மலைக்குத் தூக்கிப்போய்ப் பத்திரப்படுத்தியதால், அவர் இத்தனை வயதில் ஒரு சிறுமியின் முறுக்குக்கு அஞ்ச வேண்டியவரானார். எங்கள் குடும்பங்களில் ஆண்பிள்ளைக்குக் காட்டும் தனிச் சலுகையைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதத் திட்டமிட்டிருந்தேன். இவ்வளவு திட்டவட்டமான சான்று கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மறுநாளே மதுரைக்குப் போனோம். பிறர் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளை நரம்பில் ஏற்றினார்கள். அம்மைக்கான மாத்திரையைத் தொடங்கினார்கள். ஒரு மாதம்போலக் காத்திருக்க வேண்டும், தினமும் உடம்பைப் பார்க்க வேண்டும், ஒரு கொப்புளம் தெரிந்தாலும் உடனே வந்துவிட வேண்டும், இதற்கிடையில் வேறெந்தத் தொற்றும் சேரக் கூடாது என்றார்கள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மருத்துவர் என்னைப் பார்த்தார். என் பதவியைப் பறிக்காமல் விட்ட பெருந்தன்மை அது.

ஆனால் ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. மறுபடி மதுரைக்குக் காரில் போனார்கள் என்றால் ஏதோ கனத்த விஷயம். கனத்த விஷயம் என்றால் பார்த்தாக வேண்டும். நாங்கள் திரும்பிய மறுநாள் காலையிலேயே கேட்டருகே இருவர் நின்று என் அறிவிப்பை மறுபடி படித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தபோது, அம்மா பின்கட்டிலிருந்து வந்தாள். கையில் முறித்த வேப்பங்கொத்து. யாரையும் பார்க்காமல் அதைக் கேட்டின் நடுக்கம்பியில் கட்டினாள். என் அறிவிப்பின் மேல் இலைகள் படிந்தன. அவற்றை ஒதுக்கிவிடவும் அவள் முயலவில்லை.

வந்த இருவரும் அதைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி, தெருவில் நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டு, வந்த வழியே போனார்கள். ஓர் உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவின் மொத்த அறிவுரையும், என் ஒற்றுப்பிழையற்ற உரைநடையும் பல மாதங்களாகச் செய்ய முடியாததை, இலைகள் அரை நிமிடத்தில் செய்தன. நான் அம்மாவைப் பார்த்தேன். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரத்துக்குள்ளேயே அத்தை வந்துவிட்டாள். தன் வீட்டில் பேத்திக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் வாசற்படி தாண்டியிருந்தாள். வாழ்நாளில் அவள் மீறிய முதல் விதி அதுவாக இருக்கலாம். தம்பி வீட்டில் வேப்பிலை கட்டியிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் வந்தாளா என்று நான் கேட்டேன். இல்லை, பஸ்ஸில் நாலு பேர் இருப்பார்கள், ஆகாது என்று மகன் வண்டியில் வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே, தெருவின் மறுபக்கம் நின்றாள். அம்மா உள்பக்கம் நின்றாள். நடுவில் நான்.

"ஏத்தா, தம்பிக்கு எங்கெங்க போட்டிருக்கு? மொகத்துலயா?"

"எங்கயும் இல்ல மதினி."

"இல்லாமயா வேப்பங்கொத்து தொங்குது?"

"வந்ததுக்குக் கட்டல. ஆளுக வரக் கூடாதுன்னு கட்டுனேன்."

அத்தைக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. "பொய்யாக் கட்டுனியா?" என்றாள். "சாமி காரியத்துல வெளையாடாத."

"நான் வெளையாடல மதினி. வெளையாண்டது உங்க பேத்தி. அவரு மடியில."

"நான் என்ன தெரிஞ்சா கூட்டியாந்தேன்? மூணு தண்ணியும் ஊத்தித்தான வந்தேன்."

"பேரனுக்கு ஊத்துனீங்க. பேத்திக்கு உள்ள இருந்தது உங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வெளிய தெரியிறதுக்கு முன்னாடியே அது அடுத்தவங்களுக்குப் போயிருது."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அழுவாளோ என்று நான் பயந்தேன். ஆனால் அவள் தீர்வு தேடிக்கொண்டிருந்தாள். "அப்பச் செய்யி. வெரசா ஒரு ஜீப்பப் பிடிச்சு அவனத் தோட்டத்துக்கு ஏத்தி விடு. அன்னைக்கும் அங்க போயித்தான் தப்பிச்சான்."

"அன்னைக்குத் தப்பிச்சதாலதான் மதினி இன்னைக்கு மாட்டியிருக்காரு."

இது அத்தைக்கு விளங்கவில்லை. எங்களுக்கே அது மருத்துவர் சொல்லித்தான் விளங்கியது. அம்மா மீண்டும் ஒரு முறை, எட்டாம் வகுப்புக்கு விளக்குவதுபோல நிதானமாகச் சொன்னாள். நடுவில் உள் அறை ஜன்னலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "யக்கா, வெயில்ல ஏன் நிக்கிற? உள்ள வா."

"சும்மா கெட" என்றாள் அத்தை.

"சும்மா இருங்க" என்றாள் அம்மா.

எனக்கு நினைவு தெரிந்து அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். ஜன்னல் சாத்தப்பட்டது.

அத்தை போகும்போது தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். அங்கே அவள் என்ன சொன்னாள் என்பது மாலைக்குள் எங்களுக்கு வந்து சேர்ந்தது. தம்பி வீட்டில் ஆத்தா கனமாக இறங்கியிருக்கிறாள். நிழல்கூடப் படக் கூடாது. எவனாவது எட்டிப் பார்த்தால் குடும்பத்தோடு படுப்பான். சாமி காரியத்தில் விளையாடக் கூடாது என்பது அவளுடைய உறுதியான கொள்கை. எனினும் மற்றவர் பொய்யாகக் கட்டியதை அரைகுறையாக விட்டுவிட்டுப் போக அவளுடைய மனசாட்சி இடம் தரவில்லை போலும். அதன் பிறகு பால்காரர்கூட எதிர்வீட்டுச் சுவரில் பாக்கெட்டை வைத்துவிட்டுக் குரல் கொடுத்துப் போனார். கூட்டாளி மாமா தொலைபேசியில் பேசினார். தோட்டத்து மலையாளி மேலாளர் "சாரே, சுகமாணோ?" என்று தினமும் செய்தி அனுப்பினார். தொலைபேசியில் விசாரித்ததற்காக யாருடைய குடும்பத்தோடும் பகை மூளவில்லை.

தினமும் மாலையில் பள்ளியிலிருந்து, தெருவின் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வந்து, குளித்து, உடை மாற்றிய பின் அம்மா அப்பாவைச் சட்டையைக் கழற்றச் சொல்வாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பி நிறுத்தி முதுகு, அக்குள், காதுக்குப் பின்புறம், மயிர்க்கால் என்று பார்ப்பாள். விடைத்தாளில் கூட்டல் பிழையைத் தேடும் அதே முகம். ஒரு நாள் தோளில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். நான் காருக்குச் சொல்லத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்பினோம். பதில் வரும்வரை அப்பா சட்டையில்லாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "வலிக்கவே இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். அம்மாவின் கை அவளுடைய இடுப்பின் பக்கம், தையல் இருந்த இடத்தில் இருந்தது. அதை அவள் அறிந்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன். கொசுக்கடிபோல இருக்கிறது, காலையில் மறுபடி படம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. காலையில் அது மங்கியிருந்தது. போடியின் கொசுக்களைப் பற்றி நான் வாழ்க்கையில் முதன்முறையாக நன்றியோடு நினைத்தேன்.

மாதம் கழிந்தது. மதுரையில் இரத்தம் எடுத்தார்கள். அம்மை வரவில்லை, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. வராமல் போன ஒரு நோய்க்கு இத்தனை உரிமையாளர்கள் இருப்பார்கள் என்று நான் அறியேன். எதிர்ப்புப் பொருளும் மாத்திரையும் காத்தன என்றார் மருத்துவர். அவர் சொன்னதையே நான் நம்புகிறேன். தன் வேண்டுதல் காத்தது என்றாள் அத்தை, பேத்தி பூசிய திருநீற்றையும் சேர்த்துக்கொண்டு. தன் உடம்பு வாகே அப்படி என்றார் அப்பா. மலைக்காற்று உண்டு வளர்ந்த உடம்பாம். எனக்கு மட்டும் ஒரு பங்கும் கிடைக்கவில்லை. அது நியாயமே.

மதுரையிலிருந்து திரும்பிய மறுநாள் அம்மா கூடத்தில் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். வேப்பங்கொத்து காய்ந்து சருகாகிக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது.

"டாக்டரே நல்லாருக்குன்னுட்டாக. அந்தக் கொத்த அவுத்துரு. நான் ஒரு எட்டு ஏல சென்டருக்குப் போயி எல்லாரையும் பாத்துட்டு வந்துர்றேன். மாசக்கணக்குல மொகம் காட்டலன்னா வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு விடைத்தாளை முடித்து, மதிப்பெண்ணை இட்டு, அடுத்ததைப் பிரித்தாள்.

"தாராளமாப் போயிட்டு வாங்க" என்றாள். "கிட்னிய மட்டும் இங்க வச்சுட்டுப் போங்க. அது என்னோடது."

அப்பா கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.